கோட்டில் நின்ற தண்ணீர்

பிரஸ்காரரின் காருக்குத் தாகம் இருந்தது அவர் பெண்டாட்டி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவளிடம் காரணம் இருந்தது, நல்ல காரணமும்கூட. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனையாவது நாலு பேர் பிடித்து நிறுத்துவார்கள். நல்ல எண்ணத்தோடு முட்டாள்தனம் செய்கிறவளை யார் நிறுத்துவது?

அவர் வேலை பார்த்த அச்சகம் மூடி வருஷங்கள் ஓடிவிட்டன. மிஷின்களை எடைக்குப் போட்டாயிற்று, கட்டடத்தில் இப்போது ஒரு மெத்தைக் கடை இருக்கிறது. ஆனாலும் தெருவுக்கு அவர் பிரஸ்காரர்தான். அவளுக்குத் தையல்காரி என்று பேர். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைத் துணிகள், நடந்தால் உள்ளங்காலில் ஒட்டுகிற நூல் துண்டுகள். பிரஸ் மூடிய பிறகு அந்த வீட்டில் ஓடிய ஒரே மிஷின் அதுதான். மனிதர் கட்டிலில் உட்கார்ந்து அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் பயம்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி சாப்பிட வந்த இடத்தில் வாயை விட்டான். தம்பி கார் மெக்கானிக், சொந்தமாகத் தகரக் கொட்டகைப் பட்டறை வைத்திருந்தான். கை சுத்தமான வேலைக்காரன். ஆனால் மனசுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கதவு வேண்டுமே, அதை அவனுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். “சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு என் பட்டறையில வந்து உட்காருங்களேன் மாமா, வர்றவங்க போறவங்களைப் பார்த்துக்கலாம்” என்றான். அன்போடுதான் சொன்னான். பிரஸ்காரர் காதில் அது பிச்சையாக விழுந்தது. பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தத் தம்பிதான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசுவார்கள், அதுவும் யாராவது போய் வத்தி வைத்துவிடுவார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தபடி. கூடப் பிறந்தவனிடம் கள்ளக்காதலனிடம் பேசுவதுபோலப் பேசவேண்டியிருக்கிறதே என்று ஒரு நாள் நடுத்தெருவில் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

பிணக்கைத் தீர்த்து வைத்தது கார்தான். பட்டறைக்கு வழக்கமாக வருகிற ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, மகளோடு போய் இருக்கப்போவதால் தன் சின்னக் காரை விற்கிறார் என்று தெரிந்ததும், தம்பி மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றான். “இஞ்சின் தங்கம் மாமா. நான் கை வச்ச வண்டி. கண்ணை மூடிட்டு வாங்கலாம்” என்றான். பிரஸ்காரர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டுதான் வாங்கினார், ஆனாலும் வாங்கினார். மேட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மூன்று நர்ஸுகளைக் காலையில் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் கூட்டிவரும் வேலையும் அமைந்தது. மனிதர் மறுபடி தினமும் சவரம் செய்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருவான். மாமனும் மச்சானும் பானெட்டைத் தூக்கிவைத்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு, வெளியே இரண்டு முதுகுகள் மட்டும் தெரிய, மணிக்கணக்கில் பேசுவார்கள். அவள் டீ போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்?

ஆனால் அந்தச் சமாதானம் பச்சைப் புண்மேல் போட்ட கட்டுத்தான். வண்டியில் எங்காவது கடகடவென்று ஒரு சத்தம் வந்தாலும் போதும், பிரஸ்காரர் தொடங்கிவிடுவார். “உன் தம்பி எதையாச்சும் என் தலையில கட்டியிருக்கான்னு தெரிஞ்சுது, அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் அவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

விடிவதற்குள் வண்டியைத் துடைத்து வைப்பது அவள் வேலை. பனி தொடங்கிய மாதம், கண்ணாடியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அவர் குளித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பானெட்டுக்குள் படிந்த தூசியையும் துடைத்துவிடலாம் என்று திறந்தவள், இஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் டேங்கைப் பார்த்தாள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, வெளியே இரண்டு கோடு போட்டிருக்கும். பச்சைத் தண்ணீர் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று தம்பி மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். இன்று அது கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. இன்னும் சற்று நேரத்தில் அவர் வந்து பார்ப்பார். பார்த்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், யாரைச் சொல்வார் என்றும் தெரியும். வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு ஊற்றினாள். தண்ணீர் மேல்கோட்டில் வந்து நின்றது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். “சொட்டுக்கூடக் குறையல. வண்டின்னா இது வண்டி” என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

மறுநாளும் குறைந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவள் ஊற்றினாள். தையல் மிஷினுக்கு நாம் தினமும் எண்ணெய் விடவில்லையா, விடாவிட்டால் அது கத்தவில்லையா? பழைய வண்டி, தண்ணீர் கேட்கிறது, கொடுத்தால் தீர்ந்தது. அவளுக்குத் தெரிந்த மிஷின் அது ஒன்றுதான், அந்தக் கணக்கையே காருக்கும் போட்டாள். தம்பியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். அவன்தான் ஓட்டை வாய் ஆயிற்றே. “மாமா, அக்கா சொல்லுது, தண்ணி குறையுதாமே” என்று வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பிப்பான்.

கொஞ்ச நாளில் வண்டியின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை வளைந்து வளைந்து ஏறும். மூன்றாவது வளைவில் முள் சிவப்பைப் பார்த்துக் கிளம்புகிறது, இறங்கும்போது தானாகத் தணிந்துவிடுகிறது என்று பிரஸ்காரர் வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான்.

“தண்ணி குறையுதா மாமா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. சூடேறுகிற வண்டிக்கு முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் இஞ்சின் உள்ளுக்குள்ளேயே குடிக்கிறது. குறையவில்லை என்றால் தண்ணீரைக் குளிர வைக்கிற சாமான் எதுவோ கெட்டிருக்கிறது. வழி அந்தக் கேள்வியிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

“சொட்டுக் குறையல மாப்ள. தினமும் காலையில பார்க்கிறேன். கோட்டுல நிக்குது.”

தம்பி மூடியைத் திறந்து விரலை நனைத்துப் பார்த்தான். “பச்சை வெளுத்துப்போயிருக்கே. யாராச்சும் பைப் தண்ணி ஊத்தினீங்களா?”

“குறைஞ்சாத்தானே ஊத்தறதுக்கு. நான் எதுக்கு ஊத்தறேன்.”

அவள் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். அவனுக்கு அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கடையில் கொடுத்த கூலண்டே மட்டமானதாக இருக்கும் என்று முடிவு கட்டி, இருந்ததை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். மிச்சத்தைக் கேனோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, சூடானதும் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வேறு போட்டான்.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று புரிந்தது. வெறும் தண்ணீர் ஊற்றினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் பொருத்துவது அவளுக்கு ஒரு வேலையா? எந்தச் சீருடைக்கு எந்த நூல் என்று வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தால் போதும், கடையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவருவாள். கேனிலிருந்து ஒரு மூடி, மீதி தண்ணீர் என்று டம்ளரில் கலந்து, டேங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இன்னும் அரை மூடி விட்டு, அச்சு அசல் அதே பச்சையில் ஊற்றினாள். கேனில் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அதையும் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றை ஒழுங்காகப் பரப்பத் தெரிந்தால் மறைக்கலாம்.

முள் மட்டும் இறங்கவில்லை. ஃபேன் மோட்டார் மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஹோஸ்களைப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு தடவையும் “இனி ஏறாது மாமா” என்பான். நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீரை அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்றும் அவனுக்கு ஓடாமல் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள இஞ்சின் தலையைத் திறக்க வேண்டும், மூன்று நான்கு நாள் வண்டி பட்டறையில் கிடக்க வேண்டும். ஒரு நாள் வண்டி போகாவிட்டாலே நர்ஸுகள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள் என்று பிரஸ்காரர் பயந்தார். “கேஸ்கெட் போயிருந்தா தண்ணி குறையணும். இங்க குறையலையே” என்று தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டான்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை வரும். பனி என்றார் பிரஸ்காரர். எதிர்வீட்டு வண்டியில் அவ்வளவு புகை வராததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருடைய பேச்சிலும் சூடு ஏறிக்கொண்டே வந்தது. “உன் தம்பிக்குக் கை மட்டும்தான் வேலை செய்யுது போலிருக்கு, மூளை லீவுல இருக்கு” என்பார். தம்பி எதிரில் சொல்வதில்லை. அந்த ஒரு மரியாதை மிச்சமிருக்கிறவரை தாக்குப் பிடிக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆனது அப்போதுதான். பெண் குழந்தை. நாள் கழித்துப் பிறந்தது, தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, பிரசவ ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் இல்லை. பிரஸ்காரரே, “போய் இருந்துட்டு வா, நான் கடையில சாப்பிட்டுக்கிறேன்” என்றார். அவள் கிளம்புகிற காலையில் டேங்கை மேல்கோட்டுக்கும் மேலே கழுத்துவரை நிரப்பிவிட்டுப் போனாள். ஒரு நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. போன இடத்தில் குழந்தை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. மூக்கு அப்படியே அவள் அம்மாவின் மூக்கு. கஞ்சி வைப்பதும் துணி அலசுவதும் குழந்தையை மடியில் போட்டுத் தட்டுவதுமாக இரண்டு மூன்று நாள் போனதே தெரியவில்லை. காரை அவள் மறந்தே போனாள். அவளுடைய வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் இல்லாத அந்த நாட்களில் பிரஸ்காரர் பானெட்டைத் திறக்கவே இல்லை. மாதக்கணக்கில் கோட்டிலேயே நிற்கிற தண்ணீரை எவன் தினமும் திறந்து பார்ப்பான்? அன்று காலை நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினார். மூன்றாவது வளைவில் முள் ஏறியது. நாலாவது வளைவில் சட்டென்று இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். “பார்த்தீங்களாம்மா, சரியாயிடுச்சு” என்று பின்னால் திரும்பிச் சொன்னாராம். தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டால் முள்ளுக்குச் சூடு தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் இருந்தால்தானே அது சூட்டைச் சொல்லும். அந்தச் சந்தோஷத்திலேயே மிதித்து ஓட்டினார். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் இஞ்சின் பெரிதாக ஒரு உறுமல் உறுமி இறுகி நின்றது. நர்ஸுகள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று அந்த வழியாக வந்த வேனில் ஏறிப் போனார்கள். அன்று சாயங்காலமும் அதே வேனில்தான் இறங்கி வந்தார்கள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே ஓடினாள். தம்பி ஹெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தான். கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகி அறுந்திருந்தது. ஹெட்டின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தான், அடியில் வெளிச்சம் தெரிந்தது. அலுமினிய ஹெட், அப்பளம்போல வளைந்துவிட்டது. உள்ளே பிஸ்டன் இரண்டும் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தன. பழையபடி ஓட வைப்பதற்கு வேறு இஞ்சினே வாங்கிப் போட்டுவிடலாம், வேறு இஞ்சின் வாங்குவதற்கு வேறு காரே வாங்கிவிடலாம். இரண்டும் அவர்களால் ஆகிற காரியம் இல்லை. பக்கத்தில் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கூட கையிலிருந்த ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது ஒரு நாள்ல ஆன வேலை இல்ல மாமா” என்றான் தம்பி, கேஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. “மாசக்கணக்கா உள்ள தண்ணி குடிச்சிருக்கு.”

“குடிச்சிருந்தா குறைஞ்சிருக்கணும்ல? நீதானே சொன்னே. நான் பார்த்தேன், குறையல. நீயும் பார்த்தே, குறையல.” பிரஸ்காரர் குரலை உயர்த்தவில்லை. “தங்கம்னு சொன்னே. ஒண்ணு, தெரிஞ்சே என் தலையில கட்டியிருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை தெரியாது. ரெண்டுல எது?”

தம்பி கேஸ்கெட்டைக் கீழே வைத்தான். டேங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூலண்ட் மட்டும் ஊற்றிய டேங்கில் அப்படிச் செம்மண்போலத் துரு படியாது. வெறும் தண்ணீர் நிறையப் போயிருந்தால்தான் படியும். அவன் மெதுவாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் காரைப் பற்றி அவன் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நான்தான் ஊத்தினேன்” என்றாள் அவள்.

இருவரும் கேட்டார்கள். அவள் நிறுத்தாமல் சொன்னாள். தினமும் விடியற்காலையில் ஊற்றியது, தம்பிமேல் பழி வந்துவிடுமோ என்று பயந்தது, கேனிலிருந்து எடுத்து நிறம் சேர்த்தது, கேனை நிரப்பிவைத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். “அவன் மேல தப்பே இல்லைங்க. நான் மறைச்சதாலதான் அவனால கண்டுபிடிக்க முடியல” என்று முடித்தாள்.

பிரஸ்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வறண்டுபோய்ச் சிரித்தார்.

“தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. தம்பிக்காக இதையும் சொல்லுவே. தண்ணி ஊத்தினா வெளுத்திருக்கும்டி. நான் தினமும் பார்த்தேன், பச்சைப் பசேல்னு இருந்துச்சு. கலந்தியாம். அளவு பார்த்துக் கலந்தியாம். கேன் அப்படியே வச்ச மேனிக்கு நிறைய இருக்கு, நேத்துகூடப் பார்த்தேன்.”

“தம்பி, நீ சொல்லுடா. உனக்குத் தெரியுதில்ல” என்றாள் அவள்.

அவனுக்குத் தெரிந்தது. டேங்க் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பி மாமாவின் மூக்குக்கு நேரே காட்டினால் போதும், அவன் தொழிலும் மானமும் பிழைத்துக்கொள்ளும். அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். வண்டி போய்விட்டது, வேலை போய்விட்டது, போனது இவளால்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டால், இவள் இன்றைக்கு இந்த மனிதரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கும் அதே வீட்டில்தான் இருக்க வேண்டும். சாகிறவரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மனசில் பட்டதை அப்படியே கொட்டித்தான் அவனுக்குப் பழக்கம். பொய்க்கு அவன் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

“அக்கா சும்மா சொல்லுது மாமா” என்றான். “கேஸ்கெட்டா இருக்கும்னு எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு. ஹெட்டைத் திறக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

டேங்கை மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு, துணியால் உள்ளே விட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். துரு உதிர்ந்து தொட்டியில் இறங்கியது. அவள் “டேய்” என்றாள். அவன் தலை நிமிரவில்லை.

பெயிண்ட்காரர் உட்பட எல்லோரும் கேட்கும்படி பிரஸ்காரர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இனி இவன் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது, இவளும் இவன் வாசற்படியை மிதிக்கக் கூடாது, குழந்தை குட்டி என்று எந்தச் சாக்கும் கூடாது. வண்டியை இரும்புக் கடைக்குப் போட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். தம்பி எல்லாவற்றுக்கும் “சரி மாமா” என்றான். அவள் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் துணி மாற்றுகிற நேரம். ஈரத்துணிகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இருவரும் நடந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கலாமா என்று அவர் கேட்டார், அவள் நிற்காமல் நடந்தாள், அவரும் கூடவே நடந்தார். கடைகளில் விளக்கு ஏற்றும் நேரம். டீக்கடையைத் தாண்டும்போது, “டீ குடிக்கிறியா?” என்றார். அவர் அப்படிக் கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. வாங்கி வந்து, சூடு ஆற ஆற்றி, அவள் கையில் கொடுத்தார்.

“உன் மேல எனக்குக் கோபம் இல்லை” என்றார். “பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டு ஒரு அக்கா நிக்கிறா, அவன் பார்த்துக்கிட்டு நிக்கிறான். கடைசியிலயாவது உண்மையை ஒத்துக்கிட்டானே. நீ அதையே நினைச்சு மறுகாதே. எல்லாம் போனாலும் நீ என் பக்கம் இருக்கே, அது போதும்.”

அவள் டம்ளரைப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தாள். அவர் சிரித்தார், இந்தத் தடவை உண்மையாகவே சிரித்தார்.

“விடு. உனக்கு ஒரு பொய் சொல்ல வருதா பாரு. நான்தான் ஊத்தினேன்னு நீ ஆரம்பிக்கும்போதே உன் முகத்துல தெரிஞ்சுபோச்சு.”

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.